எந்த மெஷின், எந்தப் புரோகிராம், எவ்வளவு நேரம்

எங்கள் கல்லூரியின் கணினித் துறை ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். அதற்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவள், எனக்குப் பிறகு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி. "அண்ணாச்சி, அப்பல்லாம் புது மெஷின் வந்தா செஸ் விளையாட விட்டுப் பாத்துத்தான் உள்ள எடுப்பீங்களாம்லா? அத எழுதித் தாங்க. படிக்கவங்க சிரிப்பாங்க" என்றாள். மலரின் முதல் பக்கத்தில் நெல்லையப்பன் சார் படம் வரப்போகிறது என்பதையும் அவளே சொன்னாள். அதனால் இது அச்சேறாது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். சிரிப்பும் வராது.

நான் அந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து, ஆய்வக உதவியாளனாகவே ஓய்வு பெற்றவன். சேர்ந்த புதிதில் பாதி நாள் தூசி தட்டினேன், மீதி நாள் ஒயர் இழுத்தேன். வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். மெஷினைப் பார்த்து யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் துறைத் தலைவர் நெல்லையப்பன் சார். இதை மறைக்க மாட்டேன். மறைத்தால் பின்னால் சொல்லப்போவதன் கசப்பு உங்களுக்குப் புரியாது.

சார் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் "அப்படித்தானே?" என்பார். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலை எதிர்பார்க்க மாட்டார், நாம் தலையை ஆட்டியாக வேண்டும். விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி விரல்களைத் துடைத்துக்கொள்வார். அந்தக் கைக்குட்டை வெளியே வந்தால் ஆய்வகமே அமைதியாகிவிடும்.

புது மெஷின்கள் வந்தால் அவர் வைத்திருந்த வழக்கம் இது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு வேறு எதுவும் அதில் ஏற்றக் கூடாது. இருப்பதில் நல்ல பழைய மெஷின் ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். கையில் இருக்கும் பழைய சதுரங்கப் புரோகிராம் ஒன்று, புதிய புரோகிராம் ஒன்று. இரண்டு மெஷின், இரண்டு புரோகிராம். பழையதில் பழையது, பழையதில் புதியது, புதியதில் பழையது, புதியதில் புதியது என்று நாலு ஜோடி. ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடும் மோத விடுவோம். ஒரே தொடக்க நிலையை இரண்டு தடவை ஆட வேண்டும், ஒரு தடவை வெள்ளை, ஒரு தடவை கறுப்பு. புரோகிராமோடு வரும் மனப்பாடத் தொடக்கங்களை அணைத்துவிட வேண்டும். "மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன ஏம்டே சோதிக்கணும், யோசிக்கத் தெரியுதான்னு பாரு" என்பார்.

அப்போது மெஷின்களுக்கிடையே இணைப்பு கிடையாது. நான்தான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் திரையில் குதிரை நகர்ந்தால் அந்தத் திரையில் அதே குதிரையை நகர்த்த வேண்டும். நான் தட்டும் நேரம் எந்த மெஷின் கணக்கிலும் ஏறக் கூடாது. மாணவர்கள் என்னைத் தூதர் என்று கேலி செய்வார்கள். ஒரு தடவை அசதியில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டேன். சார் மொத்த ஆட்டத்தையும் தள்ளுபடி செய்து முதலிலிருந்து ஆடச் சொன்னார். எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். திருநெல்வேலிக்கே அல்வா வாங்கிக்கொண்டு வந்த ஆள் அவர் ஒருத்தர்தான். தன் மெஷின் பழையதைவிடப் பல மடங்கு வேகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சார் அந்தப் புது மெஷினில் பழைய புரோகிராமையும், எங்கள் பழைய மெஷினில் புதுப் புரோகிராமையும் ஏற்றச் சொன்னார். புது மெஷின் தோற்றது. மறுபடியும் தோற்றது. விற்பனைக்காரர் முகம் செத்துவிட்டது. சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "மெஷின் நல்ல மெஷின்தான். உள்ள இருக்கவன் சரியில்ல, அப்படித்தானே?" என்றார். மெஷினை வாங்கிக்கொண்டோம், அல்வாவையும் தின்றோம்.

அன்றைக்குத்தான் சார் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார்: எந்த மெஷின்? எந்தப் புரோகிராம்? எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் சொல்லாமல் "கம்ப்யூட்டர் சொல்லுது" என்று எவனாவது சொன்னால் அவனை ஆய்வகத்துக்குள் விடக் கூடாது என்றார். வருடக்கணக்கில் அந்த எழுத்தை நாங்கள் அழிக்கவில்லை. மங்கினால் நானே மேலே சுண்ணக்கட்டியால் எழுதிவிடுவேன்.

பட்டன் போன் எல்லார் கைக்கும் வந்திருந்த காலத்தில்தான் இசக்கியம்மாள் வந்தாள். மாஞ்சோலைப் பிள்ளை. அம்மா அப்பா இரண்டு பேரும் தேயிலை பறிக்கிறவர்கள். எஸ்டேட் வீடு, வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. வேலை நின்றால் மலையை விட்டு இறங்க வேண்டும், இறங்கினால் கீழே ஓர் அடி நிலம் கிடையாது. "அப்பா இறங்குததுக்குள்ள நான் கீழ ஒரு வேலைல உக்காந்துரணும் சார்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். கல்லூரிச் சதுரங்கத் தேர்வுப் போட்டியில் ஜெயித்தால் பல்கலைக்கழக அணியில் இடம். அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சாயங்காலம் விடுதி மணி அடிக்கிற வரை ஆய்வகத்தில் புரோகிராமோடு ஆடிக்கொண்டிருப்பாள். தோற்றால் திரையைப் பார்த்து "சரி, பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

இறுதி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவன் கல்லூரி நிர்வாகக் கமிட்டிச் செயலாளரின் மகன். கெட்டிக்காரப் பையன், குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் எங்கள் ஆய்வகத்திலேயே நடந்தது. செருப்பும் பையும் வெளியே வராந்தாவில் இருக்க வேண்டும் என்பது ஆய்வக வழக்கம், எல்லார் பைகளும் அங்கேதான் கிடந்தன. ஆட்டம் சாயங்காலம் வரை இழுத்தது. இசக்கியம்மாள் நிலை மோசமாகிக்கொண்டு வந்தது. எழுந்து போய் வராந்தாக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் யானையைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை வெட்டினாள். சும்மா தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. பையனிடம் நேரமும் குறைவாக இருந்தது. யானையை ராஜாவால் வெட்டினான், அடுத்த நகர்த்தலில் அவசரப்பட்டு ராணியை நகர்த்தினான். அதற்குப் பிறகு ஆட்டம் அவள் கைக்கு வந்துவிட்டது.

அவள் தண்ணீர் குடிக்கப் போன சாக்கில் வெளியிலிருந்து யாரோ போனில் சைகை கொடுத்தார்கள் என்று மறுநாள் காலையில் புகார் வந்தது. பையிலிருந்த அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மூன்று மிஸ்டு கால்.

விசாரணை ஆய்வகத்திலேயே நடந்தது. நெல்லையப்பன் சார், உடற்கல்வி இயக்குநர், அந்தப் பெண். மெஷினை இயக்க நான். சாருக்கு அந்த மே மாதத்தோடு பணி முடிகிறது, நீட்டிப்பு கமிட்டி கையில் இருந்தது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இது யாரும்மா கூப்புட்டது?"

"எங்கப்பா சார். தெனமும் எல எட போட்டு முடிஞ்சதும் பாறை மேல ஏறி மிஸ்டு கால் குடுப்பாவ. அங்கன மட்டுந்தான் சிக்னல் கெடைக்கும். நான் திருப்பி ஒண்ணு குடுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். நேத்து ஆட்டத்துல இருந்தேன், குடுக்க முடியல. அதான் திரும்பத் திரும்ப அடிச்சிருக்காவ."

"மூணு தடவை. மூணாவது வரிசைல வெட்டுன்னுகூட அதுக்கு அர்த்தம் இருக்கலாம், அப்படித்தானே?" என்றார் சார். உடற்கல்வி இயக்குநர் தலையை ஆட்டினார்.

பிறகு சார் கைக்குட்டையை எடுத்தார். விரல்களைத் துடைத்தார். புதிதாக வாங்கியிருந்த தன் மடிக்கணினியில் அந்த நிலையை வைத்தார். சில விநாடிகளில் மெஷின் அதே நகர்த்தலைக் காட்டியது. யானையைக் கொடு, வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் அளவு சாதகம். அவள்தான் வெள்ளை.

"மெஷினும் அதைத்தான் சொல்லுது. ஏன் போட்ட?"

அவள் திரையைப் பார்த்தாள். எனக்கு இன்னும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது. பயப்படவில்லை, குழம்பித்தான் போனாள்.

"சார், அது சரியான மூவ் இல்ல. நான் தோத்துக்கிட்டு இருந்தேன். அவனுக்கு டயம் இல்ல, பயந்துருவான்னு போட்டுப் பாத்தேன். யானைய வெட்டிட்டு, அடுத்து ராஜாவப் பைய ஓரமா ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தான்னா நான் தோத்திருப்பேன் சார்."

சார் குரல் இறங்கியது. "மெஷின் ஜெயிப்புங்குது. நீ தோல்விங்குத. அப்ப நீ போட்ட மூவ் உனக்கே வெளங்கல. வெளங்காத மூவ ஒரு ஆளு எப்படிம்மா போடும்? வேற எவனோ சொல்லியிருக்கான், அப்படித்தானே?"

அவள் பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். "எல்லாம் கணக்குப் பண்ணித்தான் போட்டேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளதைச் சொன்னாள், அதையே திருப்பி அவள் கழுத்தில் மாட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். "சார், எந்த மெஷின், எந்தப் புரோகிராம், எவ்வளவு நேரம்னு நீங்கதான..." கரும்பலகையையும் காட்டினேன். அவர் எழுதி, நான் புதுப்பித்துக்கொண்டிருந்த எழுத்து அங்கேயே இருந்தது.

சார் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "ஆறுமுகம், போய் மூணு டீ சொல்லிட்டு வாடே."

மூன்று டீ. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தால் நாலு வேண்டும், அல்லது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் இரண்டு. அந்த மூன்றாவது யாருக்கு என்று போகும்போது எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பி வந்தபோது செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார்.

முடிவை எழுதித் தர ஒரு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்தேன். இருந்த எல்லா மெஷினிலும் அந்த நிலையை வைத்தேன். பழைய புரோகிராம்கள் எல்லாம் யானையைக் கொடுக்கச் சொல்லின. புதியதும் அப்படியே. சரி, நேரம் கொடுப்போம் என்று இருப்பதில் நல்ல மெஷினில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு சிப்பாய் சாதகம் ஒன்றரையாக இறங்கியது. பிறகு ஒன்று. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அரைச் சிப்பாய். இன்னும் கொஞ்சம் விட்டால் தலைகீழாகிவிடும் என்று திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கண்டதை மெஷின் இன்னும் எட்டவில்லை, ஆனால் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கரண்ட் போனது. அந்த வருடங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டரி சிறிது நேரம் தாங்கியது, பிறகு அதுவும் படுத்துவிட்டது.

திங்கள்கிழமை காலையில் சாரிடம் சொன்னேன். நேரம் கொடுக்கக் கொடுக்கச் சாதகம் இறங்குகிறது, இன்னும் இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம் என்றேன்.

"எறங்கினாலும் மேலதானே இருக்கு?"

"சார், நமக்கு இது பழக்கமான விஷயம்தான சார். இந்தப் புரோகிராமுக்கு அந்த ராஜா மூவ் தெரியல. நாளைக்கு வேற ஒண்ணு வந்தா..."

"நாளைக்கு வாரதுக்கு இன்னைக்கு என்னடே செய்யச் சொல்லுத?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இசக்கியம்மாளின் வெற்றி ரத்தானது. அணியில் செயலாளர் மகன் போனான். கல்லூரியில் படிக்கிற வரை எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். சாருக்கு நீட்டிப்பு கிடைத்தது. அவள் படிப்பை முடித்தாள், ஆனால் ஆய்வகத்துக்கு வகுப்பு இருந்தால் மட்டுமே வருவாள். சாயங்காலம் அவள் உட்காரும் நாற்காலியை நான் பிள்ளைகள் நிரம்பி வழிந்த நாளிலும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் இல்லை. கரும்பலகையின் எழுத்து மங்கியது, நான் அதற்குப் பிறகு மேலே எழுதவில்லை.

நான் ஓய்வு பெற்று, மாஞ்சோலை ஆட்களும் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இப்போது கொஞ்சக் காலம் ஆகிறது. செல்வராணி கட்டுரை கேட்ட அன்று, என் போனில் இலவசமாகக் கிடைக்கும் சதுரங்கப் புரோகிராம் ஒன்றை இறக்கிக்கொண்டேன். என் போன் மலிவான போன்தான். அந்த நிலையை நினைவிலிருந்தே வைத்தேன், எனக்கு அது மறக்கவில்லை. மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. யானையைக் கொடுத்தால் தோல்வி. யானையை வெட்டிவிட்டு ராஜா ஓரமாக ஒரு கட்டம் ஒதுங்கினால் கறுப்புக்கு ஆட்டம்.

அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. ஆய்வகத்திலிருந்து கழித்துவிட்ட மெஷின் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன், சாரின் அந்த மடிக்கணினியைவிட மட்டமானது. மருமகன் உதவியோடு அதே புதுப் புரோகிராமின் பொருந்துகிற வடிவத்தை அதில் ஏற்றினேன். கொஞ்சம் திணறியது, ஆனால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அதுவும் அதையே சொன்னது. ஆக அன்றைக்கு மெஷினின் வேகம் குறைவு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மெஷின் நல்ல மெஷின்தான். உள்ளே இருந்தவன் சரியில்லை.

போனை எடுத்துக்கொண்டு பெருமாள்புரத்தில் சார் வீட்டுக்குப் போனேன். நன்றாக இருக்கிறார். மலருக்குப் படம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் திரையைக் காட்டி, எந்த ஆட்டம் என்று சொன்னேன். அவருக்கு உடனே ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"எந்த மெஷின்டே இது? எந்தப் புரோகிராம்? எவ்வளவு நேரம் விட்ட?"

நான் போனுக்குக் கையை நீட்டினேன்.

"இது இல்லாம ஒண்ணும் சொல்லப்படாது, அப்படித்தானே? அடுத்த வருசம் வேற ஒண்ணு வந்து, இல்ல, அந்த யானை மூவ்தான் சரின்னாலும் சொல்லும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவரைக் கண்டபடி பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த நல்லது எதுவோ அதையே எடுத்து என்னை அடித்துவிட்டார். வாசலில் செருப்பைப் போடும்போது, "காப்பி குடிச்சிட்டுப் போடே" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். இசக்கியம்மாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் நிற்கிறாள் என்று செல்வராணி விசாரித்துச் சொல்லியிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "ஆறுமுகம் சார், வாங்க. வீட்ல யாருக்குத் துணி?" என்றாள். தலையில் நரை விழுந்திருக்கிறது. அம்மா இறந்துவிட்டாளாம். அப்பாவை மலையிலிருந்து இறக்கிய பிறகு, இரண்டு பேரும் வாகைக்குளம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்களாம். அவர் வீட்டுக்குள் உட்காராமல் நாளெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்கிறாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போது கல்லாப் பக்கத்தில் அவள் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை. திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் போனை வைத்தாள்.

"அப்பா. இப்ப எவ்வளவு நேரம் பேசினாலும் காசு கிடையாது, சொன்னா கேக்க மாட்டாவ" என்றாள்.

நான் என் போனை எடுத்தேன். அந்த நிலையைத் திரையில் வைத்திருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், புதுப் புரோகிராம், பழைய மெஷின், இரண்டும் ஒன்றையே சொல்வது. நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு அவள் அழுவாள் என்றோ சிரிப்பாள் என்றோ நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் திரையைக் குனிந்து பார்க்கவே இல்லை. கலைந்து கிடந்த ரவிக்கைத் துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ராஜா ஓரமா ஒதுங்கணும்னு சொல்லுதா?"

"ஆமாம்மா."

"அதத்தான சார் நான் அன்னைக்கே சொன்னேன்."

அதற்குள் யாரோ பச்சையில் வேறு துணி கேட்டார்கள். அவள் எடுத்துக் காட்டப் போய்விட்டாள்.